மஞ்சள் டேக் கட்டிய வினாத்தாள்

என் வாடகை அறையில், காலண்டர் மாட்டவேண்டிய ஆணியில் ஒரு வினாத்தாள் தொங்குகிறது. என்னுடையது இல்லை. வினாத்தாளைப் பத்திரப்படுத்தும் அளவுக்கு நான் எந்தப் பரீட்சையையும் மதித்தவன் கிடையாது. அதன் இடது மூலையில் ஓட்டை போட்டு, மெல்லிய கம்பியால் ஒரு மஞ்சள் அட்டை கட்டியிருக்கிறது. ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த அட்டையைப் பார்த்ததும் தெரிந்துவிடும். செய்த பொருளை அளந்து பார்த்துச் சரியாக இருந்தால் பச்சை டேக் கட்டுவார்கள். கழிக்கவேண்டியது என்றால் சிவப்பு. இரண்டில் எது என்று இப்போதைக்குச் சொல்ல முடியவில்லை, நிறுத்தி வை, யாரையாவது கேட்போம் என்றால் மஞ்சள். மஞ்சள் கட்டிய பெட்டியை யாரும் தொடக்கூடாது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். மேனேஜரே வந்து நின்றாலும் அதுதான் சட்டம். இந்த அட்டையில் நான்கு கட்டங்கள். 'பொருள்' என்ற இடத்தில் 'கடிதம்' என்று இருக்கிறது. 'எண்ணிக்கை' என்ற இடத்தில் '1'. 'காரணம்' என்ற இடத்தில் 'பதில் வரவில்லை'. 'கட்டியவர்' என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. ஸ்கேல் வைத்து அளந்ததுபோல எல்லா எழுத்தும் ஒரே உயரம். அறைக்கு வருகிற பையன்கள் "லவ் லெட்டராடா மச்சி?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். விளக்கப் போனால் டீ ஆறிவிடும். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, டீயும் குடித்தாயிற்று. விளக்கிப் பார்க்கிறேன்.

கட்டியவரை எங்கள் கம்பெனியில் மைக்ரான் அண்ணன் என்று கூப்பிடுவோம். மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு. மற்றவர்கள் "கொஞ்சம் தள்ளி வை" என்பதை அவர் "மூணு மில்லி தள்ளி வை" என்பார். அந்தப் பட்டப்பெயரை நான் வைக்கவில்லை, எனக்கு முன்பே யாரோ வைத்துவிட்டார்கள். கம்பெனியில் செக்யூரிட்டியில் இருந்து கேன்டீன் மாஸ்டர் வரைக்கும் பெயர் வைத்த எனக்கு அது ஒரு தீராத குறை. அவருக்கு அப்போது முப்பத்திமூன்று, முப்பத்திநான்கு வயது இருக்கும். தளிப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், கம்பெனியில் இரண்டையும் கலந்து மேலே கொஞ்சம் இங்கிலீஷ். பன்னிரண்டாவதும் ஐ.டி.ஐ.யும் முடித்தவர், பத்து வருடத்துக்கு மேலாக காலிபிரேஷன் அறையில் இருந்தார். கம்பெனியில் பொருட்களை அளக்கிற கருவிகளையே அளந்து பார்க்கிற அறை அது. நான் பாரூர்க்காரன். கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தோடு நின்றவன். ஏன் நின்றாய் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வேன். இதுவரை ஒன்பது காரணம் ஆகியிருக்கிறது. உற்பத்தி நடக்கிற இடத்தில் இருந்து அளவுக் கருவிகளைத் தட்டில் அடுக்கி அவருடைய அறைக்குக் கொண்டுபோவதும், சரிபார்த்தவற்றைத் திரும்பக் கொண்டுவருவதும் என் வேலையில் பாதி. மீதிப் பாதி, போகிற வழியில் எல்லோரையும் கிண்டல் செய்வது.

அந்த அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறக்கலாம். உள்ளே வருடம் முழுக்க இருபது டிகிரி குளிர். நடுவில் ஒரு கருப்பு கிரானைட் மேசை, நம்ம கிருஷ்ணகிரிக் கல்தான், கண்ணாடிபோல இழைத்திருப்பார்கள். சத்தம் என்று ஒன்று கிடையாது. வெளியே கம்பெனியே இரும்புக் கடைபோல இரைந்துகொண்டிருக்கும்போது இங்கே ஒருவர் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். ஓட்டைகளின் அளவைச் சரிபார்க்கிற, விரல் நீளத்துக்கு ஒரு இரும்பு ஊசி. அதை நான்கு மணி நேரம் நிமிராமல் பார்ப்பார். ஆனால் ஒரு பக்க விடுப்புப் படிவத்தைக் கொடுத்தால் மூன்று நாள் கிடக்கும். பெயர் எழுதுவார், நிறுத்துவார், ஜன்னலைப் பார்ப்பார், எழுந்துபோய்விடுவார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அடுத்த கட்டடத்தில் ஏதோ ஒரு போல்ட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஷூ கயிறு கட்டும்போது யோசனை வந்துவிட்டால் கம்பெனி பஸ் போய்விடும். ஒரே ஆளுக்குள் இப்படி இரண்டு ஆள் எப்படி இருக்க முடியும் என்று எனக்குக் குறுகுறுப்பு. பாலிடெக்னிக் பாடத்தில் வராத குறுகுறுப்பு இவர்மேல் வந்தது.

அந்தக் குறுகுறுப்பில்தான் ஒருநாள் ஒரு வேலை செய்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். அறைக்குள் போய், அவர் முதுகுப் பக்கம் நின்று, காலித் தட்டைக் கைதவறியதுபோலக் கீழே போட்டேன். எவர்சில்வர் தட்டு. அந்த அமைதியில் அது இடி விழுந்ததுபோல் இருந்தது. துள்ளுவார், திட்டுவார், சிரிக்கலாம் என்று நினைத்தேன். அவர் துள்ளவில்லை. கையில் இருந்த கருவியை மெதுவாக வைத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் அந்தக் குளிர்ந்த கல்லின்மேல் விரித்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சாயங்காலம் நான் திரும்பப் போனபோதும் அந்த ஊசி அதே இடத்தில் கிடந்தது. ஒரு மதியமே போய்விட்டது. என்னைப் பார்த்து, கோபம் துளிகூட இல்லாமல், வழி கேட்பவர்போலக் கேட்டார்:

"தம்பி, அந்தத் தட்ட எதுக்குப் போட்ட?"

"சும்மாதாணா."

"சும்மான்னா என்ன காரணம்?"

வாய் ஓயாதவன் என்று பெயர் எடுத்தவன், அன்றைக்கு இளித்துவிட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு எப்போதாவது, வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்திக் கேட்பார்: "அந்தக் காரணம் தெரிஞ்சுதா?" குத்திக்காட்டுவதற்காகக் கேட்பதில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பதில் கிடைக்காத கேள்வி அவருக்குள் அழுகாமல் அப்படியே இருக்கும்.

தன்னைப் பற்றி அவருக்கே தெரிய வந்தது தற்செயலாகத்தான். அக்கா மகனுக்கு ஆறு வயதாகியும் யாரோடும் சேரமாட்டேன் என்கிறான் என்று பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். துணைக்கு இவர். டாக்டர் பையனைப் பற்றி வரிசையாகக் கேட்கக் கேட்க இவருக்கு உடம்பு சூடாகிவிட்டதாம். "கேள்வி எல்லாம் அவனுக்கு தம்பி. பதில் எல்லாம் எனக்கு" என்று சொன்னார். பிறகு தனியாகப் போய்த் தன்னையும் பரிசோதித்துக்கொண்டார். ஆட்டிசத்தில் ஒரு வகையான ஆஸ்பெர்ஜர் என்றும், கூடவே கவனம் ஓரிடத்தில் நிற்பதில் சிக்கல் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அவர் எல்லோரிடமும் காட்டினார். எனக்கே கூச்சமாக இருந்தது. "இதெல்லாம் ஊருக்கே காட்டணுமாணா? பொண்ணு குடுக்கமாட்டான் எவனும்" என்றேன். அவர் வெர்னியர் என்கிற அளவுக் கருவி ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு கருவியின் முதுகிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இந்தக் கருவியில் இவ்வளவு பிழை இருக்கிறது, கழித்துக்கொண்டு படி என்று. "எரர் இல்லாத வெர்னியர் உலகத்துலயே இல்ல. எவ்ளோன்னு தெரியாம இருந்தா தூக்கிப் போடணும். தெரிஞ்சுட்டா உபயோகிக்கலாம். முப்பது வருஷமா ஸ்டிக்கர் இல்லாம ஓடிட்டிருந்தேன்" என்றார். மறுநாள் அவருடைய அடையாள அட்டையின் பின்பக்கம் அதேமாதிரி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'பிழை: தெரியும். திருத்திக்கொண்டு உபயோகிக்கவும்.' கிண்டல் என்பது எனக்கு மட்டும் சொந்தமான சொத்து என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சிக்கல் மேனேஜர் ரூபத்தில் வந்தது. அவர் கெட்டவர் இல்லை, காகிதத்துக்குப் பயந்தவர். "கஸ்டமர் ஆடிட்ல எழுதிட்டாங்கப்பா. அந்த ரூமுக்கு இன்சார்ஜா இருக்கறவங்க டிகிரி முடிச்சிருக்கணுமாம். மூணு வருஷம் கழிச்சு மறுபடி வருவாங்க. அதுக்குள்ள ஒரு சயின்ஸ் டிகிரி காட்டிடு. இல்லன்னா வேற ஆளப் போட்டுட்டு உன்ன பிரஸ் ஷாப்புக்கு மாத்த வேண்டியிருக்கும்" என்றார். பிரஸ் ஷாப் என்பது தகட்டை அடித்து வளைக்கிற கூடம். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். ஒரு தடவை ஆள் குறைச்சல் என்று ஒருநாள் மட்டும் அவரை அங்கே அனுப்பினார்கள். வேடிக்கை பார்க்கலாம், கேலிக்கு ஒரு வரியும் தயார் என்று நான் சாக்கு சொல்லிக்கொண்டு போனேன். கழிவுத் தகடு போடுகிற தொட்டிக்குப் பின்னால் குத்த வைத்து, காதுகளை முழங்காலால் இறுக்கி உட்கார்ந்திருந்தார். உதடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. தயார் செய்து வைத்திருந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அவருக்கு டிகிரி என்பது பெயருக்குப் பின்னால் போடுகிற எழுத்து இல்லை. அந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில் இருக்கிற அமைதி.

தொலைநிலைக் கல்வியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தார். கணக்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, படிப்பதுதான் மலை. புத்தகத்தைத் திறப்பார், பக்கத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே அளவாக இல்லை என்று கண்டுபிடிப்பார், ஸ்கேல் எடுப்பார், அரை மணி நேரம் போயிருக்கும். இருநூறு பக்கத்தில் நூற்றிப்பதினேழு பக்கம் கோணல் என்று என்னிடம் கணக்கு சொன்னார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போனால், பிளேடை வைத்துப் புத்தகத்தைத் தாள் தாளாக அறுத்துக்கொண்டிருந்தார்.

"என்னாணா, புக்க கொலை பண்ணிட்ட?"

"ஒரு தட்டுல ஒரு பீஸ்தான இருக்கணும். மொத்தமா குடுத்தா எவன் அளப்பான்?"

அறுத்த தாள்களில் ஒன்றை மட்டும் கிரானைட் மேசை நடுவில் வைத்தார். வேறு பேனா இல்லை, டப்பா இல்லை, போன் இல்லை. காதில் ஆரஞ்சு நிறப் பஞ்சு அடைப்பான். அளவு எடுப்பதுபோல் அந்த ஒற்றைத் தாளைப் படித்தார். முடிந்ததும் பச்சைப் பெட்டியில் போட்டார். பாதியில் யோசனை ஓடிவிட்டால் மஞ்சள் பெட்டி. சிவப்புப் பெட்டி வைக்கவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பாடத்துல ரிஜெக்ட் எப்படி வரும்? நமக்குதான் ஹோல்டு" என்றார். தினமும் அரை மணி நேரத்தில் நான்கு தாள். நின்ற இடத்தில் நின்றே என் பாலிடெக்னிக் புத்தகங்களை நினைத்துக்கொண்டேன். அவற்றை நானும் அறுத்திருக்கிறேன், பஜ்ஜி மடிப்பதற்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிருஷ்ணகிரியில் வகுப்பு. பஸ் ஸ்டாண்டு கூட்டமும் ஏர் ஹாரனும் அவருக்கு ஆகாது என்பதால் நான் கூடப் போவேன். வெளியில் சொன்ன காரணம் கிருஷ்ணகிரி பிரியாணி. சூளகிரி தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டு வருவார். தாண்டியதும் திறந்து, மலைப்பாறைகளைப் பார்த்து இது எத்தனை டிகிரி சாய்வு என்று என்னைக் கேட்பார். வகுப்பில் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். யாரும் கேட்டதில்லை. அங்கே பாதிப் பேர் என்னைப்போல ஷிப்ட் முடித்துத் தூங்க வந்தவர்கள். அவர் மட்டும் டியூப் லைட் இரைகிறது என்று மூன்று தடவை இடம் மாறுவார், பிறகு "ஏன் சார்?" என்று ஆரம்பிப்பார். பாடம் நடத்துகிற சார் ஒரு 'ஏன்'-க்குப் பதில் சொன்னால் அதற்குள் இருந்து அடுத்த 'ஏன்' வரும். இடைவேளையில் டீக்கடைவரைக்கும் அது போகும். அந்த சார் ஒருநாள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இத நான் இருபது வருஷமா நடத்தறேன். ஏன்னு நானே யோசிச்சதில்ல. அடுத்த வாரம் சொல்றேன்" என்றார். சொன்னார். எனக்கு அந்தக் கேள்வியும் புரியவில்லை, பதிலும் புரியவில்லை. ஆனால் இரண்டு பெரிய மனுஷர்கள் அப்படி முகம் மலர்ந்து நிற்பதைப் பார்க்க நன்றாக இருந்தது.

கணக்குத் தாள்கள் எல்லாம் அடுத்தடுத்துத் தேறின. சிக்கியது தமிழ். முதல் வருடத்துத் தமிழ்த் தாள். முதல் தடவை எழுதியபோது ஏழு கேள்விகளை ஆரம்பித்து ஒன்றையும் முடிக்காமல் வந்தார். கணக்கில் ஒரு அடி முடிந்தால் அடுத்த அடி கையைப் பிடித்து இழுக்கும். கட்டுரையில் இழுப்பதற்கு ஆள் இல்லை, மனசு தாவிவிடுகிறது என்றார். நான் பெரிய அனுபவசாலியைப்போல ஒரு யோசனை சொன்னேன்: "ஒன்னாங் கேள்வில இருந்து வரிசையா எழுதுணா. ஒன்ன முடிக்காம அடுத்ததத் தொடாத." என் வாழ்க்கையில் நான் சொன்னதை அப்படியே கேட்ட ஒரே மனிதர் அவர்தான். அதுதான் வினை. அடுத்த தடவை முதல் கேள்வியே, 'நீங்கள் கண்டுகளித்த பொருட்காட்சி குறித்து நண்பருக்குக் கடிதம் எழுதுக.' எழுந்து நின்று "எந்த நண்பருக்கு மேடம்?" என்று கேட்டிருக்கிறார். கண்காணிப்பாளர் "யாராவது ஒரு நண்பர், உக்காருங்க" என்றிருக்கிறார். இவர் உட்கார்ந்தார். மூன்று மணி நேரமும் உட்கார்ந்தே இருந்தார். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்கு அவரை ஒரு தடவை நான்தான் கூட்டிப்போனேன், மைக் செட்டுக்குப் பயந்து பத்து நிமிடத்தில் வெளியே ஓடிவந்துவிட்டார். ஆகவே கண்டது உண்மை, களித்தது பொய். நண்பர் யார் என்றும் தெரியவில்லை. முடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது என்று நான் வேறு சொல்லியிருக்கிறேன். வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தார். கேட்டதும் வயிறு வலிக்கச் சிரித்தேன். பஸ் சூளகிரி வருவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. ஆடிட்டுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி என்று அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். ஃபெயிலானது அவர், ஆனால் ஃபெயிலாக்கியது நான்.

அதன் பிறகு இரண்டு வேலைகள் பார்த்தோம். டாக்டர் கொடுத்த சான்றிதழ்களை வைத்துக் கூடுதல் நேரமும் மின்விசிறிச் சத்தம் இல்லாத மூலையில் இடமும் கேட்டு, படிப்பு மையத்தின் அலுவலகத்துக்கு அலைந்தோம். அங்கே இருந்த அம்மா கண்ணாடியை இறக்கி இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இவருக்கா? ஆளப் பாத்தா நல்லாத்தான இருக்காரு?"

நான் ஏதோ எடக்காகச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"வெர்னியரும் பாத்தா நல்லாத்தாங்க மேடம் இருக்கும். சர்டிபிகேட்ட படிச்சாதான் தெரியும்."

அந்த அம்மா சான்றிதழைப் படித்தார். முழுக்கப் படித்தார். பிறகு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மூன்று வாரத்தில் அனுமதி வந்தது.

இரண்டாவது வேலை, மஞ்சள் டேக். நான் கெடுத்ததை நான்தான் சரி செய்ய வேண்டும் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, அவருடைய மேசைமேலேயே அது கிடந்தது. "அண்ணா, லைன்ல ஒரு பீஸ் சந்தேகமா இருந்தா லைனையே நிறுத்திடுவியா?" என்று கேட்டேன். "எதுக்கு? மஞ்சள் கட்டிட்டு அடுத்தத எடுப்பேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே நிமிர்ந்து பார்த்தார். அன்றிலிருந்து கேன்டீனில் உட்கார்ந்து நான் வினாத்தாள் தயாரிப்பேன், அவர் எழுதுவார். அரைகுறையாகப் படித்தவன் வைக்கிற பரீட்சை எப்படி இருக்கும்? 'கேன்டீன் சாம்பாரின் நயம் பாராட்டுக' என்று ஒரு கேள்வி வைத்தேன். 'நயம் காணப்படவில்லை, பருப்பும் காணப்படவில்லை' என்று எழுதினார். மேனேஜருக்கு விடுப்புக் கடிதம், மின்வாரியத்துக்குப் புகார்க் கடிதம் எல்லாம் கல்வெட்டு மாதிரி வரும். நண்பர் கடிதம் வந்ததும் மஞ்சள் டேக்கைத் தாளின்மேல் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். கடைசியில் அந்த ஒன்றுக்குத் திரும்ப வரும்போது மறுபடி அதே கதை.

"கற்பனையா ஒருத்தன நெனச்சுக்கோணா. குமாருன்னு வெச்சுக்கோ."

"குமாருன்னு யாரும் இல்லயே. இல்லாதவனுக்கு எழுதினா டெலிவரி ஆகாது."

"பரீட்சைல எழுதற எந்த லெட்டரும் டெலிவரி ஆகாதுணா!"

"அப்புறம் எதுக்கு எழுதச் சொல்றாங்க?"

அதுவும் நியாயமான கேள்விதான். கேன்டீன் மாஸ்டர்கூட கரண்டியை நிறுத்தி யோசித்தார்.

பரீட்சை அன்று நான் வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகும்போது பேனாவோடு மூன்று வெற்று மஞ்சள் அட்டைகளைக் கொண்டுபோயிருந்தார். கண்காணிப்பாளர் பிடித்துக்கொண்டு, "இதென்னப்பா, பிட்டா?" என்று கேட்டு இரண்டு பக்கமும் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். இவர் மஞ்சள் டேக்கின் விதிமுறையை முழுசாக விளக்கியிருக்கிறார். விளக்கம் முடிவதற்குள் மணி அடித்துவிடும் என்று பயந்தோ என்னவோ, அவர் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மூன்று மணி நேரம் முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். கூடுதல் ஒரு மணி நேரமும் ஓடியது. கேட்டுக்கு வெளியே மாங்காய் விற்கிற அக்காவிடம் ஒன்று வாங்கி உப்பு மிளகாய் தொட்டுத் தின்றேன், ருசியே தெரியவில்லை. நானே எழுதிய எந்தப் பரீட்சையிலும் மணியை இத்தனை தடவை பார்த்ததில்லை. கடைசி ஆளாக அவர் வந்தார். வினாத்தாளை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"என்னாணா ஆச்சு?"

"எல்லாம் எழுதிட்டேன். நண்பர் லெட்டர் ஒன்னு மட்டும் ஹோல்டுல இருந்துச்சு. கடைசி அர மணி நேரத்துல ரிலீஸ் பண்ணிட்டேன்."

"குமாருக்கா?"

"உனக்கு."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் விளையாடுகிற ஆள் இல்லை. கேள்வி, 'நீங்கள் பணிபுரியும் இடத்தைப் பற்றி நண்பருக்குக் கடிதம்.' என் பெயர், என் அறை இருக்கிற தெரு, பின்கோடு வரைக்கும் எழுதியிருக்கிறார்.

"நம்ம கம்பெனி ரூமப் பத்தி எனக்கே லெட்டரா? அந்த ரூம்ல எனக்குத் தெரியாதது என்னாணா இருக்கு?"

"தெரிஞ்சத எதுக்கு எழுதணும்? உனக்குத் தெரியாததத்தான் எழுதினேன்."

"அதான் என்னா?"

"லெட்டர்ல எழுதினத வாயால சொன்னா ரெண்டு தடவ டெலிவரி ஆயிடும்."

அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. கெஞ்சினேன், பிரியாணி வாங்கித் தருவதாகச் சொன்னேன், பஸ்ஸில் சீட் பிடித்துக் கொடுத்தேன். ஜன்னல் வழியாகப் பாறைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

தேறிவிட்டார். பாஸ் மார்க்குக்கு நான்கு மார்க் மேலே. டிகிரி வந்தது, ஆடிட் வந்தது, அந்த அறை அவருக்கே நின்றது. தளியில் இருந்து அவருடைய அம்மா ஒரு கூடை பீன்ஸும் முட்டைக்கோசும் அனுப்பியிருந்தார், கூடவே ஒருநாள் நேரிலும் வந்து, என் தாடையைத் தொட்டு, "ஊட்டா ஆய்த்தா மகனே?" என்று சாப்பிட்டேனா எனக் கன்னடத்தில் விசாரித்துவிட்டுப் போனார். விடைத்தாளின் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று நான் கண்டுபிடித்துக்கொண்டு வந்தேன். எழுதியவர்தான் கேட்க முடியுமாம். அவரிடம் சொன்னால், "பாஸ் ஆன பீஸ மறுபடி அளக்கறது தப்பு" என்றார். பல்கலைக்கழகத்தின் ஏதோ ஒரு கிடங்கில், ஏதோ ஒரு கட்டுக்குள், என் முகவரி போட்ட ஒரு கடிதம் கிடக்கிறது. யாரோ முன்பின் தெரியாத ஒரு ஆசிரியர் சிவப்புப் பேனாவோடு அதைப் படித்திருக்கிறார். நான் படிக்கவில்லை. எனக்கென்று ஒருவர் எழுதிய ஒரே கடிதம் அது. அதில் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்காத வாரம் இல்லை.

இரண்டு வருடம் முன்பு நான் பர்கூர்ப் பக்கம் வேறு கம்பெனிக்கு மாறினேன். கடைசி நாள் அந்த அறைக்குச் சொல்லிக்கொள்ளப் போனபோது, இந்த வினாத்தாளைத்தான் கொடுத்தார். டேக் கட்டியே இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'பதில் வரவில்லை' என்று படித்ததும், "லெட்டரே வராம நான் எப்படிணா பதில் போடறது?" என்று கேட்டேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கேள்வி உனக்கு ஏற்கெனவே தெரியும். லெட்டர்ல பாதி அதுதான்." பிறகு குனிந்துகொண்டார். இரண்டு கதவுகளையும் ஒவ்வொன்றாக மூடிவிட்டு வந்தேன். சத்தம் வராமல் மூடினேன்.

இப்போது இருக்கிற கம்பெனியில் நானே கருவிகளைச் சரிபார்க்கிறேன். இங்கே தனி அறை கிடையாது, மூலையில் ஒரு மேசை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவன் என் பின்னால் வந்து கையைத் தட்டிச் சத்தம் போட்டுவிட்டு ஓடினான். "எதுக்குடா தட்டுன?" என்றேன். "சும்மாதாணா" என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது குறும்பு மட்டும் இல்லை. என்னோடு பேச வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, கையில் இருந்தது சத்தம் ஒன்றுதான். ஆறு வருடமாக மைக்ரான் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை அங்கே நின்று இளித்தது.

அண்ணா, அதுதான் காரணம். நீ தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாய். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. உன்னிடம் பேசுவதற்கு வேறு வழி தெரியாமல் தட்டைப் போட்டேன். ஒரு மதியம் போய்விட்டது, மன்னித்துக்கொள். நான் ஊருக்குச் சொல்லி வந்த ஒன்பது காரணங்களில் எதுவும் இவ்வளவு சரியாக இருந்ததில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வருகிறேன். ஆணியில் இருந்து வினாத்தாளைக் கழற்றி எடுத்து வருவேன். கட்டியவர்தானே அவிழ்க்க வேண்டும். இதையெல்லாம் எழுதிய இந்தத் தாள்களையும் தனித்தனியாகவே கொண்டு வருகிறேன், நீ அறுக்க வேண்டியதில்லை. படிப்பதற்கு முன்னால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால் எல்லாப் பக்கத்திலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத்தான் எழுதியிருக்கிறேன். இடது ஓரம் இருபது மில்லி, வலது ஓரம் இருபது மில்லி. என் ஸ்கேல் பழசு, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அளந்து பார்த்து, எவ்வளவு என்று பின்பக்கம் எழுதிவிடு.